பதினாறு வயது மகனின் கடுமையான ஓசிடி: அடுத்து மருந்தை மாற்றுவதா, பெங்களூருவில் சேர்ப்பதா?

வைப்பாறு எழுதியது:

வணக்கம். ஓராண்டாக இந்தக் குழுவைப் படித்து மட்டும் வந்தவள், இன்று முதன்முறையாக எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் சேர்ந்தான். ஆடி மாதத்திலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. அவனுக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். பன்னிரண்டு வயதில் கை கழுவுவதில் தொடங்கியது, இப்போது காலைக் குளியல் மட்டுமே மூன்றரை மணி நேரமாகிறது. அவன் குளியலறைக்குள் போகும் முன்பே நான் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிவிடுவேன். நடுவில் தண்ணீர் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், மின்தடை அறிவிப்பு வந்தால் அதற்கு முந்தைய இரவே எனக்குத் தூக்கம் போய்விடும்.

வெளியே வந்ததும் கதவருகே நின்று, "பட்டுச்சா, படலையா?" என்று கேட்பான். சுவர் தன்மேல் பட்டதா என்பது கேள்வி. "படலை" என்று நான் அவன் முகத்தைப் பார்த்து, ஒரே குரலில் சொல்ல வேண்டும். கொஞ்சம் இழுத்துச் சொல்லிவிட்டாலும் மறுபடியும் உள்ளே போய்விடுவான். சாப்பிட்டால் திரும்பக் குளிக்க வேண்டியிருப்பதால் ஒருவேளை மட்டுமே சாப்பிடுகிறான். 52 கிலோ இருந்தவன் இப்போது 45 கிலோ.

முதல் மருத்துவர் ஃப்ளூஆக்ஸெடின் 40 மில்லிகிராம் நான்கு மாதம் கொடுத்தார், பலன் இல்லை. இப்போது பார்க்கும் மருத்துவர் செர்ட்ராலின் தொடங்கிப் படிப்படியாக 150 வரை கூட்டியிருக்கிறார். அந்த அளவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஓசிடியின் கடுமையை அளக்கும், குழந்தைகளுக்கான யேல்-பிரவுன் அளவுகோலில் (எண் கூடினால் நோய் கடுமை) 40-க்கு 33 இருந்தது 30 ஆகியிருக்கிறது. கூடவே ஒரு ஆலோசகரிடம் பதினான்கு அமர்வுகள் போனோம். இனிமேல் மூன்று வழிகள் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார்: இதனுடன் குறைந்த அளவில் அரிபிப்ரசோல் என்ற ஆன்டிசைக்காட்டிக் வகை மருந்தைச் சேர்ப்பது, குளோமிப்ரமின் என்ற மருந்துக்கு மாற்றுவது, அல்லது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ப்பது. அடுத்த வாரம் முடிவைச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம்படி எழுதியது:

அக்கா, எனக்கு இப்போது இருபத்தேழு வயது. பதினேழு வயதில் உங்கள் மகன் இருக்கும் நிலையில்தான் இருந்தேன். எனக்கு அழுக்கு பயம் இல்லை. படிக்கட்டில் மூன்றாம் படியைச் சரியாக மிதிக்காவிட்டால் அப்பா இறந்துவிடுவார் என்ற எண்ணம். பெயர்க் காரணம் அதுதான்.

மூன்று வழிகளில் எது என்று நான் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் பதினான்கு அமர்வுகளில் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து பேசினார்களா, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா, அல்லது ஏதாவது ஒன்றைத் தொடச் சொல்லி, தொட்ட பிறகு கழுவாமல் இருக்கச் சொன்னார்களா?

வைப்பாறு எழுதியது:

மூச்சுப் பயிற்சி உண்டு. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிடச் சொன்னார். நல்லதையே நினைக்கும்படி ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அந்த நோட்டையும் இப்போது அவன் தொடுவதில்லை. எதையும் தொடச் சொல்லவில்லை.

மூன்றாம்படி எழுதியது:

அப்படியானால் அவனுக்கு ஓசிடிக்கான உளசிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை என்று நான் எண்ணுகிறேன். அந்த ஆலோசகரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எனக்கும் முதல் ஓராண்டு இதே ரப்பர் பேண்டில்தான் போயிற்று. எண்ணத்தை விரட்டக் கற்றுக்கொடுத்தால், விரட்டுவதும் இன்னொரு சடங்காகிவிடுகிறது. நான் ஒரு நாளைக்கு நூறு முறை சுண்டிக்கொண்டிருந்தேன்.

ஈ.ஆர்.பி. என்று சொல்லப்படுவது வேறு. பயப்படும் பொருளை நாமாகவே எதிர்கொள்ள வேண்டும், அதற்குப் பின் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யக் கூடாது; பதற்றம் ஏறும், உச்சியில் நிற்கும், தாங்க முடிகிறது என்பது நமக்கே தெரியவரும். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து வெளியிட்டதிலிருந்து இது வளர்ந்து வந்திருக்கிறது. எனக்கு முதலில் ஒரு பட்டியல் போட்டார்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு மதிப்பெண். நான் முப்பது மதிப்பெண் கொடுத்திருந்தது, மூன்றாம் படியை இடது காலால் மிதிப்பது. சிகிச்சையாளர் என்னோடு படியில் நின்றார். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதுவே சிகிச்சையின் பகுதி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது நிமிடம் நின்றோம். வெளியே தேநீர்க்கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மாத்திரைச்சீட்டு எழுதியது:

சகோதரி, நான் மருந்தாளுநர். மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்விகளாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கு இந்த மருந்துகளைக் கொடுக்கும்போது எதிர்பார்ப்பதைவிட ஓசிடிக்குப் பொதுவாக அதிக அளவும் அதிகக் காலமும் தேவைப்படும். முழு அளவில் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பார்த்த பிறகே ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று தீர்மானிப்பது வழக்கம். செர்ட்ராலினின் உச்ச அளவு 200 மில்லிகிராம். நீங்கள் 150-இல் ஐந்து வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். ஆகவே, "இது தோல்வி என்று இப்போதே சொல்லிவிட முடியுமா, 200 வரை போக இடமிருக்கிறதா?" என்பது முதல் கேள்வி.

குளோமிப்ரமின் பழைய மருந்து; ஓசிடிக்கு அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றதே அதுதான், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த அனுமதி உண்டு. பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், தூக்கக் கலக்கம் ஆகியவை வரும். அளவு கூடினால் வலிப்புக்கு வாய்ப்புண்டு. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன்பும் இடையிலும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வேறு சில மருந்துகளோடு, குறிப்பாக ஃப்ளூவோக்ஸமினோடு சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஏழு கிலோ இழந்திருக்கும் பையன் என்பதால், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான், உப்புச் சத்துகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் அதைத் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன்.

செண்பகம் எழுதியது:

நான் மருத்துவ உளவியல் பயிற்சியில் இருக்கிறேன். மேலே இருவர் சொன்னதற்கும் ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது என்பதால் எண்களைத் தருகிறேன்.

2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 112 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. உளசிகிச்சையும் செர்ட்ராலினும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.6 விழுக்காட்டினர் நோய்க்குறிகள் ஏறத்தாழ அற்ற நிலைக்கு வந்தார்கள். உளசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39.3, செர்ட்ராலின் மட்டும் எடுத்தவர்களில் 21.4, வெற்று மாத்திரையில் 3.6. உங்கள் மகன் இதுவரை இருப்பது அந்த 21.4-க்குரிய வரிசையில்தான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2011-இல் வெளியான அடுத்த ஆய்வு. மருந்து எடுத்தும் ஓரளவே குணம் கண்ட 124 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். மருந்தோடு முழுமையான உளசிகிச்சை பெற்றவர்களில் 68.6 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 30. நடுவில் ஒரு பிரிவு உண்டு. மருந்து கொடுக்கும் மருத்துவரே சுருக்கமாக, "இப்படி இப்படிச் செய்" என்று வழிமுறையைச் சொல்லி அனுப்பினார். அவர்களில் 34 விழுக்காடுதான். சொல்லி அனுப்புவதற்கும் கூடவே இருந்து செய்ய வைப்பதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

அரிபிப்ரசோல் பற்றி: மருந்தால் போதுமான பலன் கிடைக்காத பெரியவர்கள் 100 பேரிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், ஈ.ஆர்.பி. சேர்த்தவர்களில் 80 விழுக்காட்டினரும், அதே மருந்து வகையைச் சேர்ந்த ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களில் 23 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 15 விழுக்காட்டினரும் முன்னேறினார்கள். பெரியவர்களிடம் செய்த ஆய்வு, மருந்தும் ஒன்றல்ல, ஆகவே அப்படியே பொருத்திவிடக் கூடாது. உங்கள் மகனுக்கு தன்னையறியாமல் வரும் திடீர் அசைவுகளோ, முகச்சுளிப்போ, தொண்டைக் கனைப்போ இருந்தால் இந்த மருந்து வகை கூடுதலாக உதவக்கூடும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் வரிசையில் இது முன்னால் வருவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நான் கேட்டாக வேண்டும். அவன் சாகலாம் என்று பேசுகிறானா? இந்த மருந்துகளில் தொடக்கத்திலும் அளவு கூட்டும்போதும் இளவயதினரிடம் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று கவனிக்க வேண்டும் என 2004 முதலே எச்சரிக்கை இருக்கிறது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இரவு நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.

வைப்பாறு எழுதியது:

நேற்று இரவு கேட்டேன். "சாகணும்னு இல்லம்மா, இப்படியே இருக்க முடியல" என்றான். வேறு திட்டம் எதுவும் இல்லை என்றான். அழுதுவிட்டு, அழுததற்காகக் குளிக்கப் போனான். திடீர் அசைவுகள் எதுவும் இல்லை.

கருவேலம் எழுதியது:

எல்லோரும் எண்களைச் சொல்லி பெங்களூருவை நோக்கித் தள்ளுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்தை ஒருவராவது சொல்ல வேண்டும். என் உறவுக்காரப் பெண்ணைப் பதினைந்து வயதில் ஒரு தனியார் இடத்தில் சேர்த்தார்கள். பெற்றோரை வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது கை கழுவுவது குறைந்திருந்தது, ஆனால் ஒரு வருடம் தாயோடு பேசவில்லை. உள்ளே தண்ணீரைப் பூட்டிவைத்ததால்தான் கழுவாமல் இருந்தாள் என்பதும், வீட்டுக் குழாயைப் பார்த்ததும் பழையபடி தொடங்கிவிட்டதும் பின்னால் தெரிந்த கதை. பிளஸ் டூ நேரம், ஊரார் பேச்சு எல்லாம் வேறு இருக்கின்றன. வீட்டில் வந்த நோயை வீட்டில்தான் தீர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாம்படி எழுதியது:

அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. தண்ணீரைப் பூட்டிவைப்பது சிகிச்சையே ஆகாது. தடுப்பது பிறர் கையில் இருந்தால் நோயாளி எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் அதைக் கொண்டு எல்லா உள்நோயாளிச் சிகிச்சையையும் அளக்க வேண்டாம் ஐயா. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்த்தால் பெற்றோரோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நாளும் கூடவே தங்க வேண்டும். தங்கலாம் என்பதில்லை, தங்கியே ஆக வேண்டும். பெற்றோரை வாசலில் அனுப்பும் இடம் எதுவானாலும் அங்கே சேர்க்காதீர்கள் என்பதற்கு அந்த ஒரு விதியே போதும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தோடு தங்கி சிகிச்சை பெறும் முறை 1950-களிலிருந்தே இருக்கிறது. என்னோடு என் தாய் தங்கினார். எனக்கு நடந்த சிகிச்சையில் பாதி அவருக்கு நடந்தது.

"வீட்டில் வந்த நோயை வீட்டில்" என்பதில் ஒரு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. மருத்துவமனைக் குழாயில் கற்றதை வீட்டுக் குழாயில் திரும்பச் செய்யாவிட்டால் நிற்காது.

செண்பகம் எழுதியது:

"பாதி அவருக்கு நடந்தது" என்ற வரியை வைப்பாறு அவர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தொட்டியை நிரப்புவது, "படலை" என்று சொல்வது, இவை எல்லாவற்றையும் அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் நோயின் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு சடங்கு, அதைச் செய்வது மட்டும் நீங்கள். குடும்பம் இப்படி ஒத்துப்போவது ஓசிடி உள்ள பிள்ளைகளின் வீடுகளில் மிகப் பெரும்பாலும் காணப்படுவதுதான், உங்கள் குற்றம் இல்லை. நாளைக் காலை திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். அப்படி நிறுத்தினால் ரகளையும் சில வீடுகளில் அடிதடியும் நடக்கிறது. அவனிடம் முன்பே சொல்லி, ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சிகிச்சையாளரின் துணையோடு குறைக்க வேண்டும்.

வைப்பாறு எழுதியது:

இதைப் படித்ததும் சிறிது நேரம் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், அவன் துணிக்குத் தனிக் கொடி, கடையிலிருந்து வரும் பால் கவரைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, அவன் அப்பா செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் பின்வாசல் வழியாக வருவது. பதினொன்று தேறியது. என் மாமியார் கணக்கே வேறு; பேரன் மடி ஆசாரம் பார்க்கிறான் என்று முதல் இரண்டு வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தீட்டு, எச்சில், பத்து (சமைத்த சோற்றைத் தொட்டால் கை கழுவும் ஆசாரம்) எல்லாம் ஏற்கெனவே உண்டு என்பதால், அவன் செய்வதில் எது பழக்கம், எது நோய் என்று எங்களுக்கே நீண்ட நாள் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாத்திரைச்சீட்டு எழுதியது:

கருவேலம் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேர்ப்பதா வேண்டாமா என்பதை இங்கே ஊரார் பேச்சு தீர்மானிக்கக் கூடாது, எடை தீர்மானிக்கட்டும். பதினாறு வயதுப் பையன் 45 கிலோவிலிருந்து இன்னும் இறங்கினால் உளசிகிச்சைக்கு வேண்டிய தெம்பே அவனிடம் இருக்காது. எந்த எடைக்குக் கீழே போனால் யோசிக்காமல் சேர்ப்பது என்று ஒரு எண்ணை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்தில் பதறிக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்காது.

வைப்பாறு எழுதியது (பதினாறு நாள் கழித்து):

மருத்துவரைப் பார்த்துவிட்டோம், உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, ரப்பர் பேண்டு கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆலோசனை நடக்கிறது என்று நாங்கள் சொன்னதை அவர் ஈ.ஆர்.பி. என்று எடுத்துக்கொண்டாராம், அது என்ன என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போதைய ஏற்பாடு இது. செர்ட்ராலினை 200 ஆக்கியிருக்கிறார், பத்து வாரம் பார்ப்பது. அரிபிப்ரசோல் இப்போதைக்கு இல்லை. குளோமிப்ரமின் அதற்கடுத்த படி. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க இப்போதே ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சற்றுக் குறைவாக இருந்ததைச் சரிசெய்திருக்கிறார். ஈ.ஆர்.பி. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் வாரம் இரண்டு முறை காணொளியில் வருகிறார்; கைப்பேசியைக் குளியலறை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிடுகிறோம். பெங்களூருவுக்கு முதலில் புறநோயாளியாகப் போய் பதிவு செய்து வைப்பது என்றும், எடை 43-க்குக் கீழே போனாலோ பத்து வாரத்தில் அளவுகோல் 30-லிருந்து 22-க்காவது இறங்காவிட்டாலோ அங்கே சேர்த்துவிடுவது என்றும் முடிவாயிற்று. இந்த இரண்டு எண்களையும் மகனே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

பட்டியலில் கடைசியில் இருப்பது, இருபது மதிப்பெண், குளித்து முடித்த பிறகு வாளியின் பிடியைத் தொடுவது. அதில்தான் தொடங்கினோம். எனக்குக் கொடுத்த வேலை, "பட்டுச்சா, படலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதிருப்பது. "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு நாம ரெண்டு பேரும் பேசியிருக்கோம்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லலாம். முதல் நாள் ஐம்பது நிமிடம் கதவருகே நின்று கேட்டான். கத்தினான், பிறகு கெஞ்சினான், பிறகு "நீ என் அம்மாவே இல்ல" என்றான். நான் காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன். கத்தரிக்காயை வேண்டாத அளவுக்குப் பொடியாக நறுக்கியிருக்கிறேன் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். நடுவில் மாமியார் உள்ளிருந்து "படலைடா கண்ணு" என்று சொல்லிவிட்டதால் எல்லாம் கெட்டது. இப்போது அந்த நேரத்துக்கு அவரைக் கோவிலுக்கு அனுப்பிவிடுகிறோம்.

பதிமூன்றாம் நாள், நேற்று, பன்னிரண்டு நிமிடம் கேட்டான். குளியல் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல்தான். எடை 45.4.

கருவேலம் எழுதியது:

சேர்ப்பது பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் எடைக்கு ஓர் எண் வைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். பெங்களூருக்குப் பதிவுக்குப் போகும்போது தூத்துக்குடி - மைசூரு விரைவு வண்டி உங்கள் பக்கத்தில் விருதுநகர் வழியாகவே போகிறது, இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம். ரயில் கழிப்பறையை அவன் எப்படிச் சமாளிப்பான் என்று உளவியலாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என் உறவுக்காரப் பெண் அதற்காகவே முந்தைய நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து வண்டியில் மயங்கி விழுந்தாள்.

வைப்பாறு எழுதியது:

நன்றி ஐயா. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவனிடம் கேட்டேன், எண்பத்தைந்து மதிப்பெண் என்று சொல்லிப் பட்டியலில் அவனே சேர்த்துக்கொண்டான். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் எண்பத்தைந்துக்கு வர முடியாது என்பதால் இந்த முறை காரில் போய்விட்டு, வழியில் எங்கெங்கே நிறுத்துவது என்று வெள்ளிக்கிழமை அமர்வில் முடிவு செய்யலாம் என்று உளவியலாளர் சொல்லியிருக்கிறார்.